டின்னும் கொதிநீரும்: சயாம் மரண ரயில் பாதையில் ஒரு பாத்திரத்தின் கதை

சயாம் மரண ரயில் என்றதும் மாணவர்கள் வழக்கமாக எழுதுவது மூன்று: ஜப்பானியர் கொடுமை, பசி, காலரா. மூன்றும் சரிதான். ஆனா, "ஒரே பாதை, ஒரே காலரா; அப்புறம் ஏன் ஒரு கூட்டத்தைவிட இன்னொரு கூட்டம் அதிகமாக இறந்தது?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அதற்கு ஒரு காலி டின்னை வைத்துப் பதில் தேடலாம், வாங்க.

பின்னணி

தாய்லாந்தின் பான் போங் அருகிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. 1942 நடுவில் வேலை தொடங்கியது; 1943 அக்டோபர் 17இல் இரு முனைகளும் இணைந்தன. நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய அதைப்போல் மூன்று மடங்கு. மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000க்கும் மேல் என்பது மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள்.

சுமக்க முடிந்ததே பாத்திரம்

1943 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து அனுப்பப்பட்ட 'எஃப் படை'யில் 7,000 கைதிகள். பான் போங்கில் ரயிலைவிட்டு இறங்கி, காட்டுவழியாக ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நடந்தார்கள், அதுவும் இரவில், மழையில். கனமான சாமான்கள் வழியிலேயே கைமாறின, கைவிடப்பட்டன. நம் தொழிலாளர்கள் பலரும் இதே வழியில் நடந்தவர்கள்தாம்.

இந்த நிலையில் கைகொடுத்தவை டின்கள். மண்ணெண்ணெய் டின் 4 கேலன், அதாவது சுமார் 18 லிட்டர் பிடிக்கும். காலியாக இருந்தால் எடை ஏறக்குறைய 1 கிலோதான். மேல்மூடியை வெட்டி, கம்பியில் பிடி கட்டினால் சோற்றுப் பானை. மூங்கிலில் கோத்து இருவர் தூக்கினால் தண்ணீர்க் குடம். கெட்டிப்பால் டின் குவளையாகவும் அரிசி அளக்கும் படியாகவும் ஆனது. பர்மாவில் அந்தப் பால் டின் இன்றும் ஓர் அளவைப் பெயர்! பெரிய முகாம்களில் குவாலியும் இருந்தது.

மெல்லிய தகரம் சீக்கிரம் சூடாகும், விறகு மிச்சம். ஆனால் அதன் மூட்டுகள் ஈயப்பற்று வைத்து ஒட்டியவை. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை தகரத்தின் வெப்பம் 100 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கும்; பற்று தாங்கும். தண்ணீர் வற்றினால் வெப்பம் 180 பாகையைத் தாண்டிப் பற்று இளகும், டின் ஒழுகும். அடுப்பருகே ஆள் இருந்தே ஆகணும்.

அதே டின், வேறு விளைவு

1943 மே மாதம் காலரா பரவியது. காலராக் கிருமி தண்ணீரிலும் உணவிலும் பரவும். கொதிக்க வைத்தால் செத்துவிடும். கைதிகளிடம் மருத்துவர்கள் இருந்தார்கள், கட்டளைக்குக் கீழ்ப்படியும் ராணுவ ஒழுங்கும் இருந்தது. சாப்பிடும் முன் ஒவ்வொருவரும் தம் தட்டையும் குவளையையும் கொதிநீர் டின்னில் முக்கி எடுக்க வேண்டும். கொதிக்காத தண்ணீரைக் குடிக்கக் கூடாது. இத்தனைக்குப் பிறகும் எஃப் படையில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். காலராவோடு பசியும் ஓய்வில்லாத வேலையும் சேர்ந்து கொன்றன.

தமிழர் முகாம்களிலும் அதே டின் இருந்தது. இல்லாதது வேறு. பெரும்பாலான முகாம்களில் அவர்களுக்கென்று மருத்துவர் இல்லை. "இந்தத் தண்ணீரைக் குடிக்காதே" என்று சொல்லவும், கொதிக்க வைக்க ஆள் ஒதுக்கவும் யாரும் இல்லை. நாள் முழுக்க மண் வெட்டித் திரும்பியவர் மழையில் நனைந்த விறகோடு எவ்வளவு நேரம் போராடுவார்? ஆற்றுத் தண்ணீர் பக்கத்திலேயே ஓடியது. போர்க் கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர் இறப்போ 80,000 முதல் 1,00,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள்.

ஆகவே, "தமிழர்களுக்குச் சுத்தம் தெரியாது, அதனால் இறந்தார்கள்" என்று யாராவது சொன்னால் அது வரலாறு ஆகாது. வேலைக்கு ஆள் பிடித்தவர்கள் மருத்துவரையும் ஓய்வையும் தரவில்லை என்பதே காரணம். கைதிகளின் முகாம்களில் நாட்குறிப்பு எழுதியவர்கள் இருந்தார்கள்; நம்மவர்களின் கதை பெரும்பாலும் வாய்மொழியாகவே வந்தது. அதனால்தான் எண்ணிக்கைகூட மதிப்பீடாகவே நிற்கிறது.

வகுப்பில் கேட்க

1. டின் என்ற பொருளை வைத்து முகாம் வாழ்க்கையை 80 சொற்களில் விளக்குக.
2. இறப்பு விகிதம் வேறுபட்டதற்கு இரண்டு காரணங்களைக் கூறி, அவற்றுள் முதன்மையானது எது என நிறுவுக.
3. உங்கள் தாத்தா பாட்டி பால் டின்னை எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள்? கேட்டு எழுதி வருக.

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள், ஆசிரியர்களே. டின்னைப் பற்றிக் கேட்கப் போகும் பிள்ளை, சில வீடுகளில் சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் பெயரோடு வரக்கூடும்.