இரைப்பைப் புற்றும் ஒரு நச்சுயிரியும்



1961-ஆம் ஆண்டு இலண்டனில், டெனிஸ் பர்கிட் என்னும் அறுவை மருத்துவர் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடைக் கட்டிகளைப் பற்றி உரையாற்றினார். அதனைச் செவிமடுத்த அந்தோணி எப்ஸ்டீன், உகாண்டாவிலிருந்து கட்டித் திசுக்களை வரவழைத்து ஆராய்ந்தார். 1964-இல் பெர்ட் அச்சோங், இவோன் பார் ஆகியோருடன் இணைந்து, மின்னணு நுண்ணோக்கி வழி ஒரு புதிய நச்சுயிரியைக் கண்டறிந்தார். எப்ஸ்டீன்-பார் எனப் பெயர்பெற்ற அதுவே, மனிதப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்பட்ட முதல் நச்சுயிரி.

நம் நாட்டுச் சீனரிடையே மிகுதியாகக் காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்றிலும் அதற்குப் பங்குண்டு. 1990-இல் இரைப்பைப் புற்றின் அரிய வகையொன்றிலும் அதன் தடயம் கிட்டியது. 2014-இல் வெளிவந்த அமெரிக்க மரபணு ஆய்வொன்று, தான் ஆராய்ந்த இரைப்பைப் புற்றுகளில் ஏறத்தாழ 9 விழுக்காடு இந்நச்சுயிரி சார்ந்தவை என்றது.

உள்நோக்கி வழி எடுத்த திசுவில் ‘ஈபர்’ சோதனை செய்தே இவ்வகையை உறுதிசெய்வர். அறுவையே முதன்மைச் சிகிச்சை. நோய் முற்றியோரில் சிலருக்கு, எதிர்ப்பாற்றலை முடுக்கும் மருந்துகள் நற்பயன் அளித்துள்ளன.

இந்நச்சுயிரி பெரியவர்களில் பெரும்பாலோர் உடலில் உறங்குகிறது. புற்றாவதோ மிகச் சிலருக்கே. ஆதலின் அச்சம் வேண்டா, அசட்டையும் வேண்டா. ஜொகூரில் நம்மவர் பலர் நீடித்த வயிற்றுவலியைக் ‘காஸ்ட்ரிக்’ என்று கூறி மாத்திரையோடு நிறுத்திவிடுகின்றனர். வலியோடு எடைக்குறைவோ கருநிற மலமோ காணின், காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுவீர்.