கதவெண்ணுக்கு நேரே ஒரு பெயர்

என் பெரியம்மா அம்மிக்கல்லைத் தலையில் சுமந்துகொண்டு எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்துக்கு வந்தது 1961இல். எனக்கு அப்போது எட்டு வயது. சும்மாடு நழுவாமல் ஒரு கையால் கல்லைப் பிடித்திருந்தார். குழவியைத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தார். பின்னால் அவர் மகன், எனக்கு அண்ணன், பித்தளைக் குடத்தோடு வந்தான். ஜாசின் பக்கத்தில் அவர்கள் இருந்த தோட்டத்துக்கும் எங்கள் தோட்டத்துக்கும் நடுவே நாலு மைல் செம்மண் பாதை. பதினோரு வருஷம் குடித்தனம் செய்த வீட்டிலிருந்து பெரியம்மாவுக்குச் சேர்ந்தவை அந்த அம்மி, அந்தக் குடம், ஒரு டிரங்குப் பெட்டி. மூன்றும் தாய்வீட்டுச் சீர்.

அதற்கு முதல் நாள் இரவு மாரியம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. பெரியப்பா வேறொரு பெண்ணை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். தப்பு அவருடையதுதான் என்று கூடியிருந்த பெரியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். கோயிலுக்கு அபராதம் கட்டச் சொன்னார்கள். பையன் தாயோடு போகலாம் என்றார்கள். அப்படியானால் வீட்டில் யார் இருப்பது என்று என் அப்பா கேட்டார். அதற்கு மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. வீடு தோட்டத்துடையது. தோட்டக் கணக்கெழுதும் கிராணியின் புத்தகத்தில் அந்தக் கதவெண்ணுக்கு நேரே இருந்தது பெரியப்பாவின் பெயர். பெரியம்மாவும் விடிவதற்குள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடியவர்தான். பெரியப்பாவைப்போலவே மரம் சீவி, மங்கு மங்காகப் பாலெடுத்து, வாளி தூக்கி ஸ்டோரில் நிறுத்தவர்தான். கூலிக் கணக்கான செக்ரோலில் இருவர் பெயரும் இருந்தன. வீட்டுக் கணக்கில் ஒருவர் பெயர்தான் ஏறியிருந்தது.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு நான் தேடிப் படித்திருக்கிறேன். மலாக்காவில் டான் சே யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் ஆசாஹானில் பெரிய அளவில் நட்டார். மலாயாவின் ரப்பர் தோட்டத் தொழிலுக்கு அதுதான் ஆரம்பம். அங்கிருந்து பெருகிய தோட்டங்களுக்குக் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் திரட்டினார்கள். 1938இல் இந்திய அரசு அதை நிறுத்தும்வரை ஆள் வந்துகொண்டே இருந்தது. லயம் கட்டியது குடும்பம் வாழ்வதற்காக அல்ல, கூலிக்கு ஆள் தங்குவதற்காக. வேலை போனால் வீடும் போகும். புருஷன் பொண்டாட்டி பிரிந்தால் பங்கு போட அங்கே சொத்து எதுவும் இல்லை. யார் பெயரில் கதவோ அவர் இருப்பார், மற்றவர் கூடப்பிறந்தவர்கள் வாசலில் போய் நிற்பார். எங்கள் பக்கத்தில் அப்படி நின்றவர்கள் எல்லாரும் பெண்கள்.

சட்டத்திடம் போயிருக்கலாமே என்று என் மாணவிகள் கேட்பார்கள். எந்தச் சட்டத்திடம்? 1952இல் வந்த மணவிலக்குச் சட்டம் ஒருதார மணம் என்று பதிந்தவர்களுக்கு மட்டும்தான். கோயிலில் தாலி கட்டிய பெரியம்மா அந்த வாசலுக்குள் நுழையவே முடியாது. அன்று வழக்கப்படி கட்டிய தாலிக்குப் பதிவு கட்டாயம் இல்லை. ஆண் இரண்டாவது கட்டினாலும் அது குற்றம் இல்லை. அதே காலத்தில் தண்டனைச் சட்டத்தின் 498ஆம் பிரிவு, தன் மனைவியை ஒருவன் மயக்கி அழைத்துப் போனான் என்று கணவன் புகார் கொடுக்க இடம் வைத்திருந்தது. மனைவி அப்படிப் புகார் கொடுக்க இடமில்லை. அந்தப் பிரிவு செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது 2023 டிசம்பரில். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் ஆசிரியையாகி அலோர் காஜா பக்கம் மாற்றலாகிப் போனேன். வாடகைக்கு அறை தந்த மலாய்க்கார அம்மா நானிங் வம்சம். 1831-32இல் டோல் சைட் தலைமையில் வெள்ளையரோடு சண்டையிட்ட அதே நானிங். அவர்களுடைய அடாட் பெர்பாத்தே முறையில் பூர்வீக நிலமும் வீடும் தாய்வழியில் பெண்ணுக்கே போகும். மணம் முறிந்தால் வீட்டைவிட்டுப் போகவேண்டியவன் ஆண். அவன் கொண்டுவந்தது அவனுக்கு, அவள் வீட்டுச் சொத்து அவளுக்கு, இருவரும் சேர்ந்து தேடியது இருவருக்கும். ஒரு நாள் பெரியம்மாவின் கதையைச் சொன்னேன். "அவர் வீட்டிலிருந்து அவரையே எப்படிப் போகச் சொன்னார்கள்?" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்கு அது விளங்கவே இல்லை. அவர் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டத்து லயம்.

நம்மவர்களுக்கு அந்தக் கேள்வியைச் சட்டம் காதில் வாங்கியது 1982 மார்ச் 1ஆம் தேதிதான். 1976இல் நிறைவேறிய திருமண, மணவிலக்குச் சட்டம் அன்று நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருதார மணம், கட்டாயப் பதிவு. 76ஆம் பிரிவில் சொத்துப் பங்கீடு. பணமாகப் போட்டதோடு உழைப்பையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதற்கும் மதிப்புண்டு. 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தம் அதை இன்னும் பலப்படுத்தியது. அடி உதை வாங்கும் மனைவி வெளியேறாமல் வீட்டிலேயே இருக்கவும், அடிப்பவனை வெளியே நிறுத்தவும், வீடு அவன் பெயரிலேயே இருந்தாலும் உத்தரவிடலாம் என்று 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டங்கள்தான். ஆனால் தோட்டத்து வீட்டை எந்த நீதிபதியாலும் இரண்டாகப் பிரிக்க முடியாது. அது அந்தக் குடும்பத்தின் வீடே இல்லை.

பெரியம்மா எங்கள் வீட்டில் நாலு மாதம் இருந்தார். ஒரே அறையில் எட்டுப் பேர். பிறகு எங்கள் தோட்டத்திலேயே அவருக்கு வேலை கிடைத்தது. கடைசி லயத்தில் ஒரு கதவும் கிடைத்தது. கிராணி எழுதி முடித்ததும் பெரியம்மா என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். எழுத்துக் கூட்டிப் படித்தேன், அவர் பெயர்தான். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்துகொண்டிருந்த காலம் அது. தொழிலாளர் பணத்தைச் சேர்த்தே தோட்டம் வாங்க துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் 10 வெள்ளி கட்டிப் பெரியம்மா உறுப்பினரானார். அந்தச் சீட்டிலும் அவர் பெயர். அதை டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார்.

1988இல் அண்ணன் ஜாசினில் 25,000 வெள்ளி மலிவு வீடு ஒன்று வாங்கினான். அண்ணி பத்து பெரெண்டாம் தொழிற்சாலையில் வேலை செய்தார். மாதத் தவணையில் பாதி அவர் சம்பளம். கையெழுத்துப் போடும் அன்று பெரியம்மாவும் வக்கீல் ஆபீசுக்கு வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். எல்லாம் மலாயில் அச்சடித்த தாள். அவர் தமிழே படிக்கத் தெரியாதவர். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, என் கையைப் பிடித்தார்.

"இதுல மருமக பேரு எங்க இருக்கு? காட்டு."

இரண்டாம் பக்கத்தில் அண்ணன் பெயருக்குக் கீழே இருந்தது. காட்டினேன். பால்வெட்டில் காய்ப்பேறிய விரலை அந்த எழுத்துகளின் மேல் வைத்து முதலிலிருந்து கடைசிவரை தடவினார். பிறகுதான் அண்ணனிடம் பேனாவைக் கொடுக்க விட்டார்.