ஸ்பிரிங்வெளியும் பதினொரு சதமும்

பதுளைக்கு மேலே ஸ்பிரிங்வெளி போன்ற ஊவாத் தோட்டங்கள் முதலில் கோப்பி விளைந்தவை. கோப்பிக்குப் பருவத்தில் ஆண்கள் வந்து திரும்பினால் போதும். 1869இல் தோன்றிய இலைநோய் அதை அழித்தது. பின் வந்த தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடும் செடி. எனவே தமிழகத்துக் குடும்பங்கள் லயங்களில் தங்கின. கூடை பெண்களின் முதுகில் ஏறியது.

துரை வெள்ளையர், கங்காணி தமிழ் ஆண், கொழுந்தெடுப்பவர் தமிழ்ப் பெண். ஏணி இவ்வளவுதான். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1929இல் உயர் மலைநாட்டுக்கு வகுத்த நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32. கவாத்து வெட்டும் ஆண் பல நாட்களில் பிற்பகலிலேயே வீடு திரும்புவான்; பெண் அந்தி நிறுவை வரை மலையில் நிற்பாள். பதினொரு சதம் எதற்காகக் குறைந்தது என்று எவரும் விளக்கியதாகத் தெரியவில்லை!

1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரையின் பங்களாவுக்குப் பெரும்பாலும் சிங்களவர் வந்தனர். பெண்ணின் கூலி மட்டும் குறைவாகவே இருந்தது. 1984 ஏப்ரலில் தோட்டத் தொழிற்சங்கங்கள் கூட்டாக வேலைநிறுத்தம் செய்தன. அமைச்சராக இருந்துகொண்டே அதில் இறங்கினார் சௌமியமூர்த்தி தொண்டமான். அதன்பின்னரே நாட்சம்பளம் சமமானது. ஆனாலும் கொழுந்து நிறுக்கும் தராசருகே நின்றவர் பெரும்பாலும் ஆண்தான்.