தோல், தையல் நூல், இதய வால்வு: கொலாஜன் பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ தொழுகை முடிந்து எழுந்தபோது ஒரு சகோதரர் நம்மிடம் வந்தார். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டுபவர். அவருடைய தாயாருக்கு இதய வால்வு மாற்ற வேண்டும் என்று சென்னையில் சொல்லியிருந்தார்கள்.

"ஹஜ்ரத், விலங்கோட திசுவில செய்ற வால்வாம். மாட்டுலயும் இருக்காம், பன்றியிலயும் இருக்காம். அதைக் கேட்டதுல இருந்து அம்மா ஆபரேஷனே வேண்டாங்கிறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

நாம் உடனே பதில் சொல்லவில்லை. மதரஸாவில் மார்க்கச் சட்டம் படித்தோம், பிறகு கல்லூரியில் கலைப் பட்டம் பெற்றோம். அறிவியல் நமக்குப் பள்ளியோடு நின்றுவிட்டது. அந்த வால்வு எதனால் ஆனது, அதை என்ன செய்து உடலுக்குள் வைக்கிறார்கள் என்று தெரியாமல் சட்டம் சொன்னால் அது அரைகுறைப் பதிலாகிவிடும். இரண்டு நாள் அவகாசம் கேட்டோம்.

அந்த இரண்டு நாளில் தொடங்கிய வாசிப்பு இன்னும் முடியவில்லை. குர்பானித் தோல், மாத்திரைக் கூடு, அறுவை சிகிச்சைத் தையல் நூல், இதய வால்வு என்று தனித்தனியாக நினைத்திருந்த பலவற்றிலும் ஒரே பொருள் இருப்பதை அறிந்தோம். அதன் பெயர் கொலாஜன். அதன் வடிவத்தை உலகுக்குச் சொன்ன ஆராய்ச்சியும் நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது.

கொலாஜன் என்றால் என்ன?

கொலாஜன் ஒரு புரதம். நம் உடலில் உள்ள மொத்தப் புரதத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இதுவே. தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு, இரத்தக் குழாயின் சுவர் என உடலைத் தாங்கிப் பிடிக்கும் இடங்களில் எல்லாம் இது இருக்கிறது. ஆடு, மாடு, மீன் ஆகியவற்றிலும் அப்படியே.

இதன் அமைப்பை நெசவாளர் ஊரில் விளக்குவது எளிது. ஒற்றை இழையை ஒரு பக்கமாக முறுக்கி, அப்படி முறுக்கிய இழைகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால் நூல் பிரியாது. கொலாஜனும் இப்படித்தான் இருக்கிறது. இடப்பக்கம் முறுக்கிய மூன்று இழைகள் ஒன்றுசேர்ந்து வலப்பக்கம் முறுக்கிக்கொண்டு ஒரே கயிறாகின்றன. இந்தக் கயிற்றின் நீளம் 300 நானோமீட்டர், தடிமன் சுமார் ஒன்றரை நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

ஒவ்வோர் இழையும் அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த சரம். அதில் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசீன் என்னும் மிகச் சிறிய மணியாக இருக்க வேண்டும். மூன்று இழைகள் நெருங்கும் நடுப்பகுதியில் வேறு எதற்கும் இடம் இல்லை. அந்த இடத்தில் ஒரே ஒரு மணி மாறிப் பெரியதாக அமைந்தாலும் முறுக்கு கெட்டுவிடும். சில குழந்தைகளுக்குச் சிறிய அடிபட்டாலே எலும்பு முறியும் பிறவி நோய் வருகிறது. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த மாற்றம்தான். அல்லாஹ்வின் படைப்பில் அளவு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

சென்னையில் நடந்த கண்டுபிடிப்பு

1952ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக ஜி.என். ராமச்சந்திரன் வந்தார். எர்ணாகுளத்தில் 1922ல் பிறந்தவர், அப்போது வயது முப்பதுதான். அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் அறிஞர் ஜே.டி. பெர்னல், கொலாஜனின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று அவரிடம் சொன்னார்.

ஆராய்ச்சிக்கு நல்ல கொலாஜன் வேண்டும். அது கிடைத்த இடம், 1948ல் தொடங்கப்பட்டு அடையாறில் இயங்கிவரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்து வந்த கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ்ரே கதிரில் வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தையும், மொத்த மணிகளில் மூன்றில் ஒரு பங்கு கிளைசீன் என்ற கணக்கையும் சேர்த்துப் பார்த்தபோது மூன்றிழை அமைப்பு தெரிந்தது. ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் இதை 1954ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கும் திருத்திய வடிவம் 1955ல் வந்தது.

வெளிநாட்டு அறிஞர்கள் குறை சொன்னார்கள். இந்த வடிவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்றார்கள். ராமச்சந்திரன் அதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டார். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம், புரத இழை எந்தக் கோணத்தில் மடங்கலாம், எந்தக் கோணத்தில் மடங்கவே முடியாது என்று கணக்கிட்டார். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963ல் அவர் வெளியிட்ட வரைபடம் இன்று உலகெங்கும் 'ராமச்சந்திரன் வரைபடம்' என்றே அழைக்கப்படுகிறது. எந்தப் புரதத்தின் வடிவத்தை யார் கண்டறிந்தாலும் அது சரியா என்று இந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அடையாறு நிலையத்தின் அரங்கத்துக்கும் மூன்றிழை முறுக்கின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

தோலைப் பதனிடும்போது நடப்பது

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, சென்னைப் பெரியமேடு என்று தோல் தொழிலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சமுதாயம் நம்முடையது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதனிட்ட பெரியவர்களுக்கு அது அழுகாது என்று அனுபவத்தில் தெரியும். காரணம் பின்னால்தான் தெரியவந்தது. பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருளோ குரோம் உப்போ கொலாஜன் கயிறுகளுக்கு நடுவே புகுந்து ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. முறுக்கு பிரிவதில்லை. கிருமிகளால் அதை அரிக்கவும் எளிதில் முடிவதில்லை.

அதே தோலையோ எலும்பையோ பக்குவப்படுத்தி வெந்நீரில் நெடுநேரம் வைத்தால் நேர் எதிரானது நடக்கும். மூன்று இழைகளும் பிரிந்து கரைந்துவிடும். அதுதான் ஜெலட்டின். கேப்சூல் மாத்திரையின் கூடு, ஜெல்லி, சில மிட்டாய்கள் ஆகியவற்றில் இருப்பது இது.

மருத்துவமனையில் கொலாஜன்

உடலுக்குள் தானாகக் கரையும் 'கேட்கட்' தையல் நூலைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். பெயரில் பூனை இருந்தாலும் அது ஆடு, மாடுகளின் குடலிலிருந்து எடுக்கும் கொலாஜன் நூல். தீக்காயத்துக்கும் ஆறாத புண்ணுக்கும் வைக்கும் கொலாஜன் படலத்தை அடையாறு நிலையமும் உருவாக்கியிருக்கிறது. 1981ல் அமெரிக்காவில் ஜான் பர்க் என்ற மருத்துவரும் அயோனிஸ் யன்னாஸ் என்ற பொறியியல் அறிஞரும் மாட்டுக் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு பொருளையும் சேர்த்துச் செயற்கைத் தோல் செய்தார்கள். உடல் அதன்மீது தன் சொந்தத் தோலை வளர்த்துக்கொள்கிறது.

இதய வால்வுக்கு வருவோம். பன்றியின் வால்வையோ, மாட்டின் இதயத்தைச் சுற்றியுள்ள உறையையோ எடுத்து, குளூட்டரால்டிஹைடு என்ற திரவத்தில் பக்குவப்படுத்துகிறார்கள். அது கொலாஜனைப் பிணைக்கும் பொருள். தோல் தொழிலிலும் பதனிடப் பயன்படுவது. அதாவது அந்தச் சகோதரரின் தாயாருக்கு வைக்கப்போவது ஒருவகையில் பதனிட்ட திசு. 2002ல் பிரான்ஸில் ஆலன் கிரிபியே என்ற மருத்துவர் நெஞ்சைத் திறக்காமல் இரத்தக் குழாய் வழியாகவே வால்வை வைத்துக் காட்டினார். இன்று வயதானவர்களுக்கு அந்த முறை பரவலாகிவிட்டது.

விலங்குத் திசு இல்லாத வால்வும் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய இயந்திர வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. ஆனால் இயந்திர வால்வு வைத்தவர்கள் இரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுவதும் மருந்து எடுக்க வேண்டும். திசு வால்வுக்குப் பொதுவாக அது வேண்டியதில்லை, ஆனால் காலப்போக்கில் அது தேயும். யாருக்கு எது பொருந்தும் என்பதை வயதையும் உடல்நிலையையும் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மார்க்கச் சட்டம் எங்கே வருகிறது?

பதனிடுவதால் தோல் தூய்மையாகிறது என்பது நபிமொழி வழியாக நாம் அறிந்தது. ஷாஃபிஈ மத்ஹபில் நாயும் பன்றியும் இதற்கு விலக்கு. ஹனஃபியில் பன்றி விலக்கு. அசுத்தமான ஒன்று முற்றிலும் வேறு பொருளாக மாறிவிட்டால் சட்டமும் மாறும் என்ற 'இஸ்திஹாலா' விதியை ஹனஃபி அறிஞர்கள் விரிவாக ஏற்கிறார்கள். ஷாஃபிஈ அறிஞர்கள் அதைச் சிலவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஜெலட்டின் விஷயத்தில் இந்தக் கருத்து வேறுபாடு வெளிப்படையாகவே இருக்கிறது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1986ல் அம்மானில் கூடி, பன்றி ஜெலட்டினை உணவில் பயன்படுத்தக் கூடாது என்றது. இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு 1995ல் குவைத்தில் நடத்திய கூட்டம் அது மாறிவிட்ட பொருள் என்று கருதி அனுமதித்தது. இழைகள் பிரிந்தால் பொருளே மாறிவிட்டதா, மணிச்சரம் அப்படியே இருப்பதால் பழைய பொருள்தானா என்பதே இங்கு கேள்வி. கொலாஜனின் வடிவம் தெரியாமல் இதைப் பேச முடியாது.

வால்வு உண்ணும் பொருள் அல்ல, உயிர் காக்கும் சிகிச்சை. பொருத்தமான மாற்று இல்லாத நிர்ப்பந்தத்தில் அதற்கு அனுமதி உண்டு என்பதே இக்கால அறிஞர்கள் பலரின் நிலைப்பாடு. மாற்று இருந்தால் அதைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.

இப்போது நடப்பவை

புரதத்தின் மணிவரிசையை மட்டும் கொடுத்தால் அதன் முழு வடிவத்தையும் கணினியே கணித்துச் சொல்லும் காலம் வந்துவிட்டது. 'ஆல்ஃபாஃபோல்டு' என்ற அந்த மென்பொருள் கணித்த 20 கோடிக்கும் மேற்பட்ட புரத வடிவங்கள் 2022ல் யாரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டன. அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோரும், இயற்கையில் இல்லாத புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கரும் 2024ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். 2019ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கொலாஜனை மையாக வைத்து இதயத்தின் பாகங்களை அச்சிட்டுக் காட்டினார்கள். ஈஸ்ட்டிலும் புகையிலைச் செடியிலும் மனிதக் கொலாஜனைச் செய்ய முடிகிறது. அந்த வழி வளர்ந்தால் 'எந்த விலங்கு' என்ற நம் கேள்வியே பல இடங்களில் தேவைப்படாமல் போகலாம். அதற்குப் பதிலாக வேறு புதிய கேள்விகள் வரும். அவற்றுக்கு உலமாக்கள் இப்போதே தயாராக வேண்டும்.

வடிவத்தால் தன்மை அமைகிறது என்ற பாடம் உயிரில்லாப் பொருளிலும் பலன் தந்திருக்கிறது. உலோக அணுக்களை முடிச்சாகவும் கரிம மூலக்கூறுகளைக் கம்பியாகவும் வைத்து, உள்ளே வெற்றிடம் நிறைந்த வலைபோன்ற பொருள்களைச் செய்கிறார்கள். அவற்றில் சில, பாலைவனக் காற்றிலுள்ள ஈரத்தை இரவில் பிடித்து, பகல் வெயிலில் தண்ணீராகத் தருகின்றன. இதற்காக 2025ல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் ஒமர் யாகி. அம்மானில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் 1965ல் பிறந்தவர். கால்நடைகளோடு ஒரே அறையைப் பகிர்ந்த வீடு. பத்து வயதில் பள்ளி நூலகத்தில் மூலக்கூறுகளின் படத்தைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தவர்.

நாம் செய்ய வேண்டியவை

அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். வைக்கப்போவது எந்த விலங்கிலிருந்து வந்தது? மாடு, மீன் அல்லது செயற்கை மாற்று உண்டா? மாற்றினால் நோயாளிக்குப் பாதகம் உண்டா? தள்ளிப்போட நேரம் இருக்கிறதா? இந்த நான்குக்கும் பதில் வாங்கிக்கொண்டு உங்கள் மத்ஹப் அறிந்த ஆலிமிடம் செல்லுங்கள். கேப்சூலுக்கும் அப்படியே. தாவர நாரிலிருந்து செய்த கூடும் கிடைக்கிறது. மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

குர்பானித் தோலுக்குச் சில ஆண்டுகளாக விலை இல்லை. அதற்காக அதைக் குப்பையில் போடுவது சரியல்ல. கத்தி வெட்டுப் படாமல் உரித்து, சூடு ஆறியதும் தாமதமின்றித் தாராளமாக உப்பிட்டால் கொலாஜன் கெடாது. ஜமாஅத்துகள் ஒன்றுசேர்ந்து சேகரித்தால் வாங்குவோரைத் தேடுவது எளிது.

பிள்ளைகளின் படிப்பு விஷயத்தில் நமக்கே வருத்தம் உண்டு. தோல் வணிகம் செய்தவர்கள் நம்மில் ஏராளம். அந்தத் தோலுக்குள் இருப்பதைப் படித்தவர்கள் சொற்பம். அண்ணா பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பத்தில் பி.டெக். படிப்பு இருக்கிறது. உயிரியல், வேதியியலில் பட்டப்படிப்பும் ஆராய்ச்சியும் இருக்கின்றன. மகன், மகள் இருவருக்குமே அந்த வாசலைக் காட்டுங்கள்.

அந்தச் சகோதரர் மருத்துவரிடம் நான்கு கேள்விகளையும் கேட்டார். மாட்டுத் திசுவால் ஆன வால்வு கிடைக்கும், அது தாயாருக்குப் பொருந்தும் என்று பதில் வந்தது. அதைக் கேட்ட பிறகே அந்தத் தாய் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். அல்ஹம்துலில்லாஹ், இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார். போன வாரம் பார்க்கப் போயிருந்தோம். பேத்தி பத்தாம் வகுப்பு படிக்கிறாள். "பாட்டி நெஞ்சுல இருக்கறதும் செருப்புத் தோல்ல இருக்கறதும் ஒண்ணா ஹஜ்ரத்?" என்று கேட்டாள். ராமச்சந்திரனைப் பற்றி அவளுக்குச் சொல்லிவிட்டு வந்தோம்.