குறைவாக வாழ்ந்து திரும்புதல்: சார்பியலில் வேகமும் வயதும்

வேகமாகப் பயணம் செய்பவருக்கு மூப்பு மெதுவாக வரும் என்ற வாக்கியம் பாடநூல்களிலும் பொது அறிவியல் எழுத்துகளிலும் பரவலாகப் புழங்குகிறது. 1905இல் ஐன்ஸ்டைன் முன்வைத்த சிறப்புச் சார்பியல் கோட்பாட்டின் சாரம் அதுவே என்று பலர் கருதுகின்றனர். அந்த வாக்கியம் இரண்டு வகையில் பிழையானது என்பது இக்கட்டுரையின் வாதம். முதலாவதாக, யாருக்கும் எதுவும் மெதுவாக நடப்பதில்லை. பயணி குறைந்த காலமே வாழ்ந்துவிட்டுத் திரும்புகிறார். இரண்டாவதாக, அந்தக் குறைவை வேகம் மட்டும் தீர்மானிப்பதில்லை.

இச்சிக்கல் மனித வடிவம் பெற்றது 1911இல். இத்தாலியின் பொலோஞா நகரில் நடந்த மெய்யியல் மாநாட்டில் பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்சுவான் ஒரு பயணியைக் கற்பனை செய்தார். ஒளியின் வேகத்தைவிட இருபதாயிரத்தில் ஒரு பங்கே குறைந்த வேகத்தில் ஓராண்டு சென்று, திரும்ப ஓராண்டு எடுத்துக்கொள்ளும் பயணி, பூமியில் 200 ஆண்டுகள் கழிந்துவிட்டதைக் காண்பார் என்றார். இதை ஏற்காதவர்களில் மெய்யியலாளர் ஹென்றி பெர்க்சன் முதன்மையானவர். பயணியின் மெதுவான காலம் மற்றவர் அவர்மீது ஏற்றிச் சொல்லும் காலமேயன்றி எவரும் வாழ்ந்த காலமல்ல என்று 1922இல் வெளியான தம் நூலில் அவர் வாதிட்டார். பெர்க்சனைப் பிழை செய்தவர் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. எவரும் மெதுவான காலத்தை வாழ்வதில்லை என்பதில் அவர் முற்றிலும் சரி. ஆகவே மீண்டும் சந்திக்கும்போது இருவர் கடிகாரங்களும் ஒத்திருக்கும் என்று அதிலிருந்து அவர் பெற்ற முடிவுதான் தவறு.

ஒரே ஊரிலிருந்து புறப்பட்டு வெவ்வேறு சாலைகளில் ஓடி மற்றோர் ஊரில் சந்திக்கும் இரண்டு வண்டிகளின் கிலோமீட்டர் மானிகள் வெவ்வேறு எண்களைக் காட்டும். ஒரு மானி மெதுவாகச் சுற்றியது என்று எவரும் சொல்வதில்லை. சாலையின் நீளம் வேறு என்றே சொல்கிறோம். கடிகாரமும் அத்தகைய மானியே. காலமும் வெளியும் இணைந்த பரப்பில் ஒருவர் கடந்த பாதையின் நீளத்தை அது காட்டுகிறது. ஒரு வேறுபாடு உண்டு. வெளியில் நேர்வழியே மிகக் குறுகியது; காலவெளியில், ஈர்ப்பைக் கணக்கில் கொள்ளாதவரை, சீரான இயக்கத்தில் இருப்பவரின் பாதையே மிக நீளமானது. சென்று, திசைமாறித் திரும்பியவரின் பாதை குறுகியது. அதனால்தான் அவர் இளையவராகத் திரும்புகிறார். திரும்பும்போது ஏற்படும் முடுக்கம் எவருடைய பாதை வளைந்தது என்பதைக் காட்டும் அடையாளம். இளமையைத் தரும் விசை அது அன்று.

இது சொல்விளக்கம் மட்டுமல்ல. சோதனையில் தெரிந்த உண்மை. அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தின் மேல்பகுதியில் மோதும்போது தோன்றும் மியூவான் என்னும் துகள்களின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. அந்நேரத்தில் ஒளிகூட 660 மீட்டர் தொலைவே செல்லும். ஆயினும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறந்த மியூவான்கள் தரைக்கு வந்து சேர்கின்றன. உதகையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தின் 560 சதுர மீட்டர் உணரி அவற்றை இடையறாது எண்ணிவருகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மலையில் பிரிஷ், ஸ்மித் இருவரும் எண்ணி 1963இல் வெளியிட்ட கணக்கு தெளிவானது: ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் மணிக்குச் சுமார் 560 மியூவான்கள், கடல் மட்டத்தில் சுமார் 410. காலவேறுபாடு இல்லையென்றால் கீழே முப்பதுகூடத் தேறியிருக்காது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் வளையத்தில் சுற்றவைத்த மியூவான்களின் ஆயுள், 1977இல் வெளியான அளவீட்டின்படி, ஆய்வகக் கடிகாரத்தில் 29 மடங்குக்கு மேல் நீண்டது. அவை புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் கோடி கோடி மடங்குக்கும் மேலான முடுக்கத்தில் இருந்தன. அந்த முடுக்கம் தனியாக எந்த விளைவையும் உண்டாக்கவில்லை. வேகத்தைக் கொண்டு கணித்த எண்ணே கிடைத்தது.

இங்கே கூர்மையான வாசகர் ஓர் ஐயம் எழுப்பலாம். மியூவானுக்கு மூப்பு கிடையாது. நெடுநேரம் வாழ்ந்த மியூவானும் இப்போது பிறந்த மியூவானும் அடுத்த நொடியில் சிதைவதற்கான வாய்ப்பில் சமமானவை. அப்படியிருக்க, நரையும் திரையும் கொண்ட உடலுக்கு இதை எப்படிப் பொருத்துவது? உயிருள்ள உடலில் இந்த விளைவை நேரடியாக எவரும் அளந்ததில்லை. அதற்கு வேண்டிய நுட்பம் உயிரியலில் இல்லை. ஆனால் அளவீட்டைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. பயணியின் கடிகாரம் ஒரு கணக்கையும் அவருடைய நாடித்துடிப்பு வேறொரு கணக்கையும் காட்டுவதாகக் கொள்வோம். அப்போது சன்னல் இல்லாத அறைக்குள் அமர்ந்தபடியே, இரண்டையும் ஒப்பிட்டுத் தாம் செல்லும் வேகத்தை அவர் கண்டுபிடித்துவிடலாம். சீரான இயக்கத்தை உள்ளிருந்தபடி அறிய முடியாது என்ற சார்பியலின் அடிப்படையே அதனால் தகர்ந்துபோகும். உடலின் வேதிவினைகள் அனைத்தும் அணுக்களுக்கிடையே செயல்படும் மின்காந்த விசையால் நடப்பவை. அணுக்கடிகாரத்தை இயக்குவதும் அதுவே. ஆகவே லாஞ்சுவானின் பயணிக்கு நிமிடத்துக்கு எழுபது துடிப்புகள் எழுபதாகவே இருக்கும். 200 ஆண்டுகளில் படிக்கக்கூடிய நூல்களை அவர் படித்திருக்கமாட்டார். இரண்டு ஆண்டுகளின் நூல்களையே படித்திருப்பார். ஆயுள் நீண்டது என்று இதைச் சொல்வது எவ்வகையில் பொருந்தும்?

இரண்டாவது பிழைக்கு வருவோம். 1971 அக்டோபரில் ஆய்வாளர்கள் ஹாபலேயும் கீட்டிங்கும் நான்கு சீசியம் கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றிவந்தனர். கிழக்கு நோக்கிச் சுற்றியபோது அவை தரையிலிருந்த கடிகாரங்களைவிடச் சராசரியாக 59 நானோ விநாடி பின்தங்கின. மேற்கு நோக்கிச் சுற்றியபோது 273 நானோ விநாடி முந்தின. தரையிலிருப்பவரும் பூமியோடு கிழக்கே சுழல்கிறார். மேற்கே பறப்பவர் புவிமையத்தை வைத்துப் பார்த்தால் அவரைவிட மெதுவாகச் செல்பவர். உயரத்தில் ஈர்ப்பு குறைவதும் அவருடைய கடிகாரத்தை முந்தச்செய்கிறது. பயணம் செய்தவரே இளையவர் என்ற விதி இங்கேயே முறிந்துவிடுகிறது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில், கிழக்கும் மேற்கும் சமமாக, 20,000 மணி நேரம் பறந்த விமானியைக் கணக்கிட்டுப் பார்த்தால், அவர் தரையிலிருந்தவரைவிடச் சுமார் 50 மைக்ரோ விநாடி மூத்தவராகிறார். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் கடிகாரங்கள் வேகத்தால் நாளுக்கு 7 மைக்ரோ விநாடி இழந்து, உயரத்தால் 45 பெறுகின்றன. முடிவில் 38 முந்துகின்றன. 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் நிலைமை தலைகீழ். அங்கே வேகத்தின் பங்கு மேலோங்குவதால் நாளுக்கு ஏறத்தாழ 25 மைக்ரோ விநாடி குறைகிறது.

அந்நிலையத்தில் 2015–16இல் 340 நாட்கள் தங்கிய விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி, அப்படிச் சேமித்தது எட்டு மில்லி விநாடிக்குச் சற்று மேல். அவருடைய இரட்டைச் சகோதரர் மார்க் பூமியில் இருந்தார். ஸ்காட் பிறப்பிலேயே ஆறு நிமிடம் இளையவர். இருவரையும் ஒப்பிட்டு 2019இல் வெளியான நாசா ஆய்வு, ஸ்காட்டின் டீலோமியர்கள் (குரோமோசோம்களின் முனைப்பகுதிகள்) விண்வெளியில் நீண்டதையும் தரையிறங்கியபின் விரைவில் சுருங்கியதையும் பதிவுசெய்தது. இதைச் சார்பியலின் சான்றாகக் காட்டும் கட்டுரைகளைக் காணும்போது வருத்தமே மிஞ்சுகிறது. எட்டு மில்லி விநாடிக்கும் அந்த மாற்றத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கதிர்வீச்சு, எடையின்மை, உடற்பயிற்சி, உணவு போன்றவை உடலில் செய்யும் மாற்றம் ஒன்று. கடந்த காலத்தின் அளவு வேறொன்று.

வேகம் ஆண்டுக்கணக்கில் வேறுபாட்டைத் தரும் பயணங்களில் இந்தப் பிரிவு இன்னும் கூர்மையாகிறது. நான்கு ஒளியாண்டுக்குச் சற்று மேலுள்ள பிராக்சிமா விண்மீனுக்கு, பாதி வழி புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கத்திலும் மீதி வழி அதே அளவு வேகக்குறைப்பிலும் ஒரு கலம் செல்வதாகக் கொண்டால், பயணிக்கு மூன்றரை ஆண்டும் பூமிக்கு ஏறத்தாழ ஆறு ஆண்டும் கழியும். ஆனால் பயணத்தின் நடுவில் கலம் ஒளிவேகத்தின் 95 விழுக்காட்டுக்கு அருகில் இருக்கும். அப்போது விண்மீன்களுக்கிடையே மிக அரிதாகப் பரவியுள்ள ஹைட்ரஜன்கூட, கலத்தின் முகப்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் விநாடிக்கு நூற்றுக்கணக்கான கோடி உயர் ஆற்றல் துகள்களாக வந்து மோதும். தடுப்பு போதாத கலத்தில் அந்தக் கதிர்வீச்சு, மூன்றரை ஆண்டே வாழ்ந்த உடலை, ஆறு ஆண்டு வாழ்ந்த பூமியின் உடலைவிடப் பன்மடங்கு சிதைத்துவிடும்.