திப்புவின் மருந்துக் கிடங்குகள்

1799 மே 2 அன்று, சீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட ஆங்கிலேயரின் குண்டொன்று கோட்டைக்குள் இருந்த ராக்கெட் கிடங்கைத் தாக்கியது. கிடங்கு பேரோசையுடன் வெடித்தது. இரண்டே நாளில் கோட்டையும் வீழ்ந்தது. எனினும், மதிலைப் பிளந்தவை பீரங்கிகளே.

வியப்பு என்னவெனில், அக்கோட்டையின் வேறு சில மருந்துக் கிடங்குகள் இன்றும் நிற்கின்றன. செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் ஆனவை. பாதி நிலத்துள் அமிழ்ந்தவை. ஒன்றுக்கொன்று தள்ளிக் கட்டப்பட்டவை. மருந்தை ஒரே இடத்தில் குவித்திருந்தால் 1799இலேயே கதை முடிந்திருக்கும்.

தள்ளி என்றால் எவ்வளவு தூரம்? இதற்கு விதி வகுத்தவர் ஹாப்கின்சன் (1915). வெடிப்பாற்றல் முப்பரிமாணத்திலும் பரவுவதால், தூரம் எடையின் கனமூலத்தைப் பொறுத்தது. மருந்து 8 மடங்கானால், அதே அழுத்தம் எட்டும் தூரம் 2 மடங்கே ஆகும்.

மண் எதற்கு? வெடிப்பில் சிதறும் ஒவ்வொரு செங்கல்லும் ஒரு குண்டுதான். கனத்த மண்ணோ எளிதில் அசையாது. பறந்துவரும் துண்டுகளையும் விழுங்கிவிடும். 1926இல் அமெரிக்காவின் லேக் டென்மார்க்கில் மின்னல் தாக்கிக் கிடங்குகள் அடுத்தடுத்து வெடித்த பிறகே, மண் போர்த்த வளைகூரைக் கிடங்குகள் அங்கே பெருகின.

சீரங்கப்பட்டணக் கிடங்குகளில் ஒன்று இரட்டை இருப்புப்பாதைக்கு இடையூறாக நின்றது. 2017இல் அதை இடிக்காமல், முழுதாகப் பெயர்த்து 100 மீட்டருக்கு மேல் நகர்த்தி வைத்தனர்.