தனியாள் என்ற பெயரில் ஒரு நகரம்: பஃபலோவும் ஆனி டிஃபிராங்கோவும், 1989–2024

1990களில் ஆனி டிஃபிராங்கோவின் கேசட்டோ குறுந்தகடோ வேண்டுமென்றால் அமெரிக்காவின் எந்த மூலையிலிருந்தும் ஒரு கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழுத்தலாம். எண்பலகையில் உள்ள எழுத்துகளைக் கோத்து அமைத்த எண் அது: 1-800-ஆன்-ஹெர்-ஓன். 'தன்னந்தனியாக, தன் காலில்' என்று அதற்குப் பொருள் சொல்லலாம். ஆனால் மணி அடித்தது நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில் ஈரி ஏரியின் கரையிலுள்ள பஃபலோ நகரத்து அலுவலகம் ஒன்றில். பாடகி அந்நேரம் வேறெங்கோ ஒரு கல்லூரி அரங்கில் பாடிக்கொண்டிருப்பார். தொலைபேசியை எடுத்து முகவரியைக் குறித்துக்கொண்டவர் மாதச் சம்பளம் வாங்கும் ஊழியர்.

டிஃபிராங்கோ பற்றிய பத்திரிகை எழுத்து பெரும்பாலும் அந்த எண்ணின் சொற்பொருளையே திரும்பச் சொல்லியிருக்கிறது: பெரிய நிறுவனங்களை மறுத்த ஒற்றைப் பெண், கையில் ஒரு கிட்டார். இந்தக் கட்டுரை மணி அடித்த அறையிலிருந்து தொடங்குகிறது. அவருடைய சுயாதீனத்தை ஒருவரின் மனவுறுதிக்கு மட்டும் எழுதிவைத்தால் பாதிக் கணக்கு விட்டுப்போகும். நொடிந்துபோன ஒரு தொழில்நகரத்தின் மலிவான வாடகை, அதன் மதுக்கூட மேடைகள், அச்சகங்கள், இடிக்கப்படவிருந்த ஒரு தேவாலயம் ஆகியவை மீதிப் பாதி.

பஃபலோ 1825இல் திறக்கப்பட்ட ஈரி கால்வாயால் வளர்ந்த ஊர். மத்திய மேற்கின் தானியம் இங்கு இறங்கிக் கிழக்கே போனது. பின்னர் எஃகு வந்தது. 1950இல் நகரின் மக்கள்தொகை 5,80,132. 1959இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறந்ததும் தானியக் கப்பல்கள் பஃபலோவைத் தொடாமலே கடலுக்குப் போகத் தொடங்கின. பக்கத்து ஊரான லாக்கவன்னாவில் இருந்த பெத்லகேம் எஃகாலையின் பெரும்பகுதியை மூடப்போவதாக 1982 இறுதியில் அறிவிப்பு வந்தது. 1990 கணக்கெடுப்பில் நகரில் 3,28,123 பேர். நாற்பது ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் குறைந்த ஊரில் ஒன்று மட்டும் தாராளமாகக் கிடைக்கும்: இடம். காலி வீடும் காலிக் கடையும் கலைஞர்களுக்கு வாய்ப்பாவது எல்லா ஊரிலும் நடப்பதில்லை, பஃபலோவில் நடந்தது. சின்டி ஷெர்மன், ராபர்ட் லாங்கோ முதலிய இளைஞர்கள் 1974இல் ஒரு பழைய பனிக்கட்டிக் கிடங்கில் தொடங்கிய ஹால்வால்ஸ் கலைமையம் அதற்குச் சான்று. இந்தப் பெயர் பின்னால் மீண்டும் வரும்.

டிஃபிராங்கோ பிறந்தது 1970 செப்டம்பர் 23இல். ஒன்பது வயதில் கிட்டார் கைக்கு வந்தது. அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் மைக்கேல் மெல்ட்ரம் என்ற உள்ளூர் நாட்டார் பாடகர், கிட்டார் ஆசிரியர். சிறுமியை மதுக்கூட மேடைகளுக்கு அழைத்துப்போய் பீட்டில்ஸ் பாடல்களைப் பாடவைத்தவர் அவர்தான். தாமே எழுதிப் பாடுகிறவர்கள் வேறு ஊர்களில் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று அவள் கண்டுகொண்டதும் அவர் வழியாகத்தான். நியூயார்க் நகரத்து கிரீனிச் வில்லேஜ் பாடலாசிரியர்களை அவர் பஃபலோவுக்கு வரவழைத்து நிகழ்ச்சி நடத்துவார். ஆலன் தெருவில் நீட்சேஸ் என்றொரு மதுக்கூடம் உண்டு. ஆம், ஜெர்மானியத் தத்துவவாதியின் பெயர்தான். யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடக்கூடிய இரவுகளை மெல்ட்ரம் அங்கே ஆண்டுக்கணக்கில் நடத்தினார். 2011இல் அவர் இறந்தபோது பஃபலோவுக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் குறைவு. ஓர் ஊரின் இசைச்சூழல் இப்படிப்பட்டவர்களால்தான் நிற்கிறது. இசைவரலாறு அவர்களுக்கு ஒரு வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை.

பதினைந்து வயதில் தாய் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தபோது மகள் உடன் போகவில்லை. சட்டப்படி தன்பொறுப்பில் வாழும் சிறுமியாக பஃபலோவிலேயே தங்கிவிட்டார். பதினெட்டு வயதுக்குப் பின் நியூயார்க் நகருக்குப் போய், நியூ ஸ்கூல் கல்லூரியில் செகூ சுண்டியாட்டா என்ற கறுப்பினக் கவிஞரிடம் பயின்றார். பேச்சின் ஓசையையே தாளமாக்கும் அவருடைய முறையை டிஃபிராங்கோவின் பாடல்களில் காது தெளிவாகக் கண்டுகொள்ளும். ஆசிரியரின் 'லாங்ஸ்டோரிஷார்ட்' தொகுப்பை 2000இல் மாணவியின் நிறுவனமே வெளியிட்டது.

கேசட்டும் கணக்கும்

நிறுவனம் தொடங்கியது 1989இல், பாடகிக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. முதலில் அதன் பெயர் ரைட்டியஸ் ரெக்கார்ட்ஸ். 1994இல் ரைட்டியஸ் பேப் ரெக்கார்ட்ஸ் ஆயிற்று. 1990இல் வந்த முதல் தொகுப்புக்குத் தன் பெயரையே வைத்தார். 500 கேசட்டுகள். நிகழ்ச்சி முடிந்ததும் மேடையோரத்தில் வைத்து விற்கத்தான் அவை, விற்றும் தீர்ந்தன.

பெண் பாடகி தன் பாட்டைத் தானே வெளியிடுவது அன்று புதிதல்ல. ஹாலி நியர் 1972இல் ரெட்வுட் ரெக்கார்ட்ஸைத் தொடங்கியிருந்தார். 1973இல் வாஷிங்டனில் பெண்கள் கூட்டாகச் சேர்ந்து ஒலிவியா ரெக்கார்ட்ஸை அமைத்தார்கள். கிரிஸ் வில்லியம்சனின் 'த சேஞ்சர் அண்ட் த சேஞ்ச்ட்' (1975) அவர்களுடைய பெரிய வெற்றி. அந்தத் தலைமுறை விட்டுச்சென்ற பெண்கள் புத்தகக் கடைகள், பெண்கள் இசைவிழாக்கள், கல்லூரி வட்டங்கள் எல்லாம் டிஃபிராங்கோ வண்டியேறிய காலத்தில் உயிரோடு இருந்தன. பாதை போட்டவர்கள் வேறு, அதில் வண்டி ஓட்டியவர் வேறு. 'முதல் பெண்' என்று அவருக்குச் சூட்டப்படும் பட்டம் இந்தக் காரணத்தால் பொருந்தாது.

அவரிடம் புதிதாக இருந்தது வேகம். 1990 முதல் 1999 வரை ஆண்டு தவறாமல் ஒரு தொகுப்பாவது வந்தது, 1993இலும் 1996இலும் இரண்டிரண்டு, 1999இல் மூன்று ('அப் அப் அப் அப் அப் அப்', 'ஃபெல்லோ ஒர்க்கர்ஸ்', 'டு த டீத்'). இதைப் படைப்பூக்கம் என்று மட்டும் விளக்குவது போதாது. பெரிய நிறுவனம் ஒன்று பாடகருக்கு முன்பணம் தரும். பதிவுச் செலவு முதலியவற்றை அவருக்குச் சேரவேண்டிய உரிமத்தொகையிலிருந்து கழித்துக்கொள்ளும். மூலப்பதிவைத் தானே வைத்துக்கொள்ளும். போட்ட முதல் திரும்பும்வரை அடுத்த தொகுப்புக்கு அவசரம் காட்டாது; இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒன்று என்பது வழக்கம். ஊர் ஊராகச் சுற்றி மேடையோரத்தில் விற்பவரின் கணக்கு நேர்மாறானது. போன ஆண்டு அதே ஊரில் கேசட் வாங்கியவர் இந்த ஆண்டும் வந்து நிற்பார்; அவர் கையில் கொடுக்கப் புதிதாக ஒன்று வேண்டும். சுற்றுப்பயணம்தான் தொகுப்புகளின் எண்ணிக்கையைத் தீர்மானித்தது. பதிவுகள் பலவற்றில் இருக்கும் பட்டை தீட்டாத தன்மைக்கும் இதையே காரணமாகக் கொள்கிறேன். சில பாடல்கள் இன்னும் ஆறு மாதம் ஊறியிருக்கலாம் என்று கேட்பவருக்குத் தோன்றுவது நியாயமே.

கிட்டார் வாசிப்பிலும் மேடை தெரிகிறது. இரைச்சலான மதுக்கூடத்தில் ஒற்றைக் கிட்டாரோடு நிற்பவர் தன் தாளக்காரரையும் கைக்குள் வைத்திருக்க வேண்டும். டிஃபிராங்கோ செயற்கை நகங்களை விரல்களில் ஒட்டி, மேலே மின்வேலைக்காரர்களின் நாடாவைச் சுற்றிக்கொண்டு, கம்பிகளை மீட்டுவதோடு அடிக்கவும் செய்தார். பின்னால் ஆண்டி ஸ்டோசான்ஸ்கி டிரம்ஸ் வாசிக்க வந்துசேர்ந்த பிறகும் அந்த அடி மாறவில்லை.

'நாட் எ பிரிட்டி கேர்ள்' (1995) வெளியானபின் பெரும்பத்திரிகைகளின் கவனம் திரும்பியது. 'டைலேட்' (1996) பில்போர்டு பட்டியலில் 87ஆம் இடத்தைத் தொட்டது. 'லிட்டில் பிளாஸ்டிக் காசில்' (1998) 22ஆம் இடத்தை. நடுவில் 1997இல் வந்த நேரடி நிகழ்ச்சிப் பதிவான 'லிவிங் இன் கிளிப்' தங்கச் சான்று பெற்றது. பெரிய நிறுவனங்கள் கதவைத் தட்டின, அவர் திறக்கவில்லை. வார்னர் நிறுவனத்தோடு முரண்பட்டுத் தன் கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு மேடையேறிய பிரின்ஸ் இந்தக் கட்டத்தில் அவரிடம் ஈர்க்கப்பட்டது தற்செயலாக இராது. 1999இல் ஒருவர் தொகுப்பில் மற்றவர் பங்கேற்றார்கள்.

புகழோடு ஒரு விநோதமும் வந்தது. வணிகப் பக்கங்கள் அவருடைய வரவை எண்ணத் தொடங்கின: ஒரு தொகுப்புக்கு அவர் கையில் நிற்கும் தொகை பெருநிறுவனப் பாடகர்களுக்குக் கிடைப்பதைவிட எவ்வளவு அதிகம் என்ற கணக்கு. பெண்ணியப் பத்திரிகையான 'மிஸ்' அதையே பாராட்டாக எடுத்து எழுதியபோது, 1997இல் அதற்கு அவர் ஒரு திறந்த மடல் எழுதினார். தன்னைப் பாடலாசிரியராக நினைவில் வைக்காமல் நிறுவனத் தலைவராக நினைவில் வைப்பதை அவர் அதில் மறுக்கிறார். மடலின் கோபம் நியாயமானது. என்றாலும் ஓர் ஆய்வாளர் கவனிக்க வேண்டிய இடம் வேறொன்று: பணம் பாடகியிடம் எவ்வளவு நின்றது என்று கேட்டவர்கள் யாரும், அவரிடமிருந்து அது எங்கே போனது என்று கேட்கவில்லை.

போனது பெரும்பாலும் பஃபலோவுக்கு. ஸ்காட் ஃபிஷரின் நிர்வாகத்தில் நிறுவனம் அந்நகரிலேயே அலுவலகம் வைத்தது. உறைகளின் அச்சு, பனியன்கள் என்று ஒவ்வொன்றுக்கும் இயன்றவரை உள்ளூர்க் கடைகளையே நாடினார்கள். தொலைதூர ஆலையில் இதைவிட மலிவாகச் செய்திருக்கலாம். எஃகாலை மூடிய ஊரில் ஓர் அச்சகத்துக்கு மாதாமாதம் வேலை வருவது எத்தனை பெரிய செய்தி என்பதை ஊரார் அறிவார்கள். 2004 கிராமி விழாவில் 'எவால்வ்' தொகுப்பின் உறை வடிவமைப்புக்கு டிஃபிராங்கோவோடு விருதைப் பகிர்ந்துகொண்ட பிரையன் கிரூனர்ட்டும் பஃபலோ வடிவமைப்பாளரே. டிஃபிராங்கோ பெற்ற அந்தக் கிராமி பாட்டுக்குக் கிடைக்கவில்லை, உறைக்குக் கிடைத்தது என்பதைச் சிலர் கேலியாகச் சொல்வார்கள். இக்கட்டுரையின் வாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான விருது இல்லை.

உள்ளூர்ப் பற்றுக்கு அரசியல் வேர் ஒன்றும் உண்டு. ஐ.டபிள்யூ.டபிள்யூ. தொழிற்சங்கத்தின் உறுப்பினரும் நாடோடிக் கதைசொல்லியுமான யூட்டா ஃபிலிப்ஸ், மேடையில் பாட்டுக்கு நடுவே சொல்லும் கதைகளை எடுத்து, அவற்றுக்கடியில் டிஃபிராங்கோ தாளம் சேர்த்ததுதான் 'த பாஸ்ட் டிட்ன்ட் கோ எனிவேர்' (1996). வேலைநிறுத்தங்களின் நினைவைக் கிழவர் ஒருவரின் வாயிலிருந்து கல்லூரி மாணவர்களின் காதுக்குக் கொண்டுபோன தொகுப்பு அது.

தேவாலயம்

டெலவேர் நிழற்சாலையும் டப்பர் தெருவும் சந்திக்கும் முனையில் 1870களில் கட்டிய மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்று நிற்கிறது: செம்மணற்கல், கோதிக் பாணி. சபை சுருங்கிப் பராமரிப்பு நின்றது. 1990களின் நடுவில் கட்டடம் ஆபத்தானது, இடிக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. டிஃபிராங்கோவும் ஃபிஷரும் அதை ஏற்றெடுத்துப் புதுப்பித்தார்கள். வேலை பல ஆண்டு நீண்டது. சூடேற்றவும் குளிர்விக்கவும் நிலத்தடி வெப்பத்தைப் பயன்படுத்தும் முறையை அமைத்தார்கள். பேப்வில் என்று பெயர்பெற்ற அக்கட்டடத்தில் நிறுவனத்தின் அலுவலகம் வந்தது. வழிபாட்டுக் கூடம் ஆஸ்பரி ஹால் என்ற இசையரங்கமாயிற்று. முன்னே சொன்ன ஹால்வால்ஸும் அங்கே குடிபுகுந்தது. பனிக்கட்டிக் கிடங்கில் பிறந்த கலைமையமும் மதுக்கூட மேடையில் பிறந்த இசை நிறுவனமும் ஒரே கூரையின்கீழ் வந்தன. 2007 செப்டம்பரில் பாடகி அங்கே நடத்திய இரு நிகழ்ச்சிகள் அடுத்த ஆண்டு டிவிடியாக வெளிவந்தன.

அடித்தளத்தில் ஒரு சிறு அரங்கம் உண்டு. அதன் பெயர் நைன்த் வார்டு. 2005 கத்ரீனாப் புயலில் மூழ்கிய நியூ ஆர்லியன்ஸ் பகுதி ஒன்றின் பெயரும் அதுவே. அதற்குள் டிஃபிராங்கோ அந்த ஊருக்குப் போய்விட்டிருந்தார்; 'ரிப்ரீவ்' (2006) தொகுப்பின் பதிவை இடைமறித்ததும் அதே புயல்தான். நிறுவனம் வடக்கே, பாடகி தெற்கே. இந்தப் பிரிவை வெறும் முகவரி மாற்றமாக நான் காணவில்லை.

2013 இறுதியில் லூசியானாவின் நாட்டவே தோட்டமாளிகையில் டிஃபிராங்கோவின் பாடல் எழுதும் முகாம் ஒன்று நடக்கும் என்று அறிவிப்பு வந்தது. அடிமைகளின் உழைப்பால் எழுந்த மாளிகை அது. கறுப்பினப் பெண்கள் முன்னின்று கண்டித்தார்கள். முகாமைக் கைவிட்டு டிஃபிராங்கோ வெளியிட்ட முதல் அறிக்கை தன்னிலை விளக்கமாக இருந்ததால் கண்டனம் கூடியது. சில நாட்களில் நேரான மன்னிப்பு வந்தது. பஃபலோவில் எந்தக் கட்டடத்துக்கு என்ன வரலாறு என்று கேட்காமலே அறிந்திருந்தவர், புதிய மண்ணில் கேட்கத் தவறினார். அவரை அரசியல் முன்னோடியாக எழுதும் ஆய்வுகள் இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடக் கூடாது.

இதே ஆண்டுகளில் தொழிலின் அடித்தளமும் நழுவியது. கையால் கைக்கு விற்கும் பொருள் ஒன்று இருந்தால்தான் அவருடைய கணக்கு ஓடும். அமெரிக்காவில் குறுந்தகடு வருவாய் 1999ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டுச் சரியத் தொடங்கியது. பாட்டு காற்றில் கிடைக்கும் காலத்தில் மேடையோர மேசையில் வைக்கப் பனியன்தான் மிஞ்சும்.

நிறுவனம் பிறர் பாட்டையும் வெளியிட்டது. ஆண்ட்ரூ பேர்டு, ஆர்ட்டோ லிண்ட்சே போன்றோர் அந்த வரிசையில் உண்டு. 2010இல் வெர்மான்ட்டைச் சேர்ந்த அனயிஸ் மிட்செலின் 'ஹேடஸ்டவுன்' வந்தது. கிரேக்கப் புராணத்தின் பாதாள உலகை ஆலைநகரமாக்கிய பாடல்தொகுப்பு. பாதாள அரசி பெர்செபனியின் பாடல்களை அதில் டிஃபிராங்கோ பாடினார். அத்தொகுப்பு வளர்ந்து 2019இல் பிராட்வே மேடையேறி, அவ்வாண்டின் சிறந்த இசைநாடகத்துக்கான டோனி விருதைப் பெற்றது. 2024 பிப்ரவரியில் டிஃபிராங்கோ அதே பாத்திரத்தில் பிராட்வேயில் அறிமுகமானார். வயது ஐம்பத்து மூன்று. அதே ஆண்டு அவரைப் பற்றிய ஆவணப்படம் டிரைபெக்கா விழாவில் திரையிடப்பட்டது. படத்தின் தலைப்பு அந்தப் பழைய தொலைபேசி எண்.